செவிவழி மூடப்பட்ட பிறகு

கட்டுக்கலை, கண்டி
24.11.2008

தம்பி பாலேந்திரனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் உன்னை ஆறுதலாகத் திட்டலாம்.

மின்னஞ்சல் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். கணினியைப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். ஒலிவாங்கியையும் விடவில்லை. டெலிபோனில் இதையெல்லாம் பேச முடியாது. கடிதத்தையும் வழியில் யாராவது திறக்கக்கூடும். திறக்கிற ஐயாவுக்கு வணக்கம். வாசித்து முடிந்ததும் ஒட்டி அனுப்பிவிடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பிக்கு இது கட்டாயம் போய்ச் சேர வேண்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பாடசாலை விட்டு வந்து நம்முடைய இணையத்தளத்தைத் திறந்தேன். 'செவிவழி' என்ற பெயரையே காணவில்லை. வெள்ளைப் பக்கத்தில் ஆங்கிலத்தில், பதிப்புரிமை முறைப்பாட்டின் காரணமாக அகற்றப்பட்டது என்று மட்டும் இருந்தது. உனக்கு டெலிபோன் எடுத்தேன். நீ தூக்கவில்லை. மறுநாளும் தூக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கெலிஓயாவிலிருந்து றமீஸா வந்தாள். அவளை நீ கண்டதில்லை, ஆனால் அவளுடைய குறிப்பு உனக்குத் தெரியும். 'எனக்குப் பார்வை இல்லை, உங்கள் வாசிப்பைக் கேட்டு உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறேன்' என்று பெயர், ஊர், கடை விலாசம் எல்லாம் போட்டுத் தளத்தில் நன்றி எழுதுவித்திருந்தாளே, அவள்தான். அந்த நன்றியைப் பிடித்துக்கொண்டு கொழும்புப் பொன்னையாவின் பாடப்புத்தகப் பதிப்பகத்திலிருந்து அவளுக்குச் சட்டத்தரணி கடிதம் வந்திருக்கிறது. அரசறிவியல் வழிகாட்டியின் ஒலிப்பிரதியைக் களவாக இறக்கியதாகவும், மன்னிப்புக் கேட்டு எழுதித் தராவிட்டால் சிறையும் தண்டமும் என்றும். அவளுடைய தகப்பன் மஹ்மூத், கெலிஓயாச் சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"வாப்பா பாடம் பதிஞ்ச இறுவட்டு எல்லாத்தையும் உடச்சிட்டாங்க, டீச்சர்" என்றாள் றமீஸா. "தலைக்குள்ள ஈக்கிறத என்னெண்டு உடைக்கிறது? அதத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன்."

திங்கட்கிழமை பொலிஸார் என்னிடம் வந்தார்கள். பொன்னையா கொழும்பில் கொடுத்த களவு முறைப்பாடு, கண்டிக்கு வந்து சேரும்போது வேறு ஒன்றாக மாறியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ் ஆசிரியை, தன் குரலைப் பதிந்து கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்புகிறாள். அவர்களுக்கு அது போதும். பொலிஸ் நிலையத்தில் ஒரு கதிரையில் இருத்தி, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்த இடம் என்று நினைக்கிறாய்? ஏழாம் அத்தியாயம், சுயநிர்ணய உரிமை.

தமிழ் தெரிந்த சார்ஜன்ட் கேட்டார்: "மிஸ், இது என்ன பேச்சு? எந்தக் கூட்டத்தில பேசினது?"

"கூட்டமில்லை. பாடப்புத்தகம். கண் தெரியாத பிள்ளையளுக்கு வாசிச்சுப் பதியிறம். ஆரும் இறக்கிக் கேக்கலாம்."

"குரல் உங்கட தானே?"

"ஓம், என்ர குரல்தான். இதைப் படிச்சு எழுதினால் உங்கட அரசாங்கம்தான் புள்ளி போடுது. அரசாங்கத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

சார்ஜன்ட் அதை முழுதாக மொழிபெயர்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். தமிழ் தெரியாத பெரிய அதிகாரி சிரிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன், சட்டத்தரணி முஹைதீன், வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணை திறந்தபடியே இருக்கிறது. பிரதி எடுத்த வழக்கு நீதவான் முன்னால் வரப்போகிறது.

இப்போது நீ சொல். தளத்தை மூடியது யார்? நானும் மற்ற ஆசிரியர்களும் மூன்று வருடம் வாசித்ததெல்லாம் எங்கே? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடியிருந்தால் நான் ஒவ்வொன்றையும் இறக்கி வைத்திருப்பேனே. உன்னிடம் பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

அக்கா
இரஞ்சிதம்


ஸ்காபரோ, ரொறன்ரோ
14.12.2008

அக்கா,

உங்களை அவர்கள் கொண்டுபோன விசயம் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். வேலைக்குப் போகவில்லை. சமையலறையில் நின்றபடியே வாசித்தேன்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மூடியது இணையத்தில் இடம் தந்த நிறுவனம். அழித்தது நான்.

பொன்னையாவின் ஆட்கள் இங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து நிறுவனத்துக்கு எழுதினார்கள். நிறுவனம் தளத்தை முடக்கிவிட்டு எனக்கு அறிவித்தல் அனுப்பியது. கோப்புகளை எடுத்துக்கொள்ள ஒரு சிறு அவகாசம் இருந்தது. எடுத்து வைத்தால் அதுவும் களவுச் சாமான் என்று இங்கே ஒருவர் சொன்னார். எனக்கு அடுத்த வருசம் குடியுரிமை நேர்காணல். பயந்துவிட்டேன். எல்லாவற்றையும் அழித்தேன். பிரதி இல்லை. இனி நீங்கள் திட்டலாம்.

டெலிபோனைத் தூக்காததற்கும் அதுதான் காரணம். உங்களுடைய குரலைக் கேட்டால் பொய் சொல்ல வராது.

இன்னொன்றும் இருக்கிறது. யார் யார் இறக்கினார்கள் என்ற மின்னஞ்சல் விலாசங்களை அவர்கள் கேட்கிறார்கள். கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்களாம். அதை அழிக்கவில்லை, அழித்தால் சாட்சியத்தை மறைத்த குற்றமாம். இன்னும் கொடுக்கவில்லை. முடிவெடுக்கவும் இல்லை.

அக்கா, பொன்னையாவைக் கள்ளன் மாதிரிப் பார்க்காதீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த மனிசனுடைய அச்சகம் கொழும்பில் எரிந்தது. வெறும் கையோடு திரும்ப ஆரம்பித்தவர். தமிழில் பாடப்புத்தகம் போட ஆளில்லாத காலத்தில் போட்டவர். சந்திக்குச் சந்தி அவருடைய புத்தகத்தைப் போட்டோப் பிரதி எடுத்து விற்கிறார்கள். அவருக்கும் கோபம் வரும்தானே.

உங்களிடமும் அவர்கள் கேட்கிற மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். களவு வழக்கு முடிந்தால் மற்றதும் அடங்கும். அந்த நாட்டில் உங்களைப் பற்றி ஒரு கோப்பு திறந்தபடி இருப்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. நீங்கள் கண்டியில் தனியே இருக்கிறீர்கள். அம்மாவும் இல்லை. ஏதாவது நடந்தால் நான் வரவும் முடியாது. வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே என்னையும் இருத்திவிடுவார்கள்.

வீரம் பேசுவதற்கு இது காலமில்லை. தயவு செய்து.

பாலேந்திரன்


கெலிஓயா
11.01.2009

பாலேந்திரன்,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். கட்டுக்கலை வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், மகளுக்குக் கலியாணம், வீடு வேண்டுமென்று. மகளுக்கு வயது பதின்மூன்று. பாடசாலை அதிபரும் மரியாதையாகச் சொன்னார், விசாரணை முடியும்வரை விடுமுறையில் நில்லுங்கள் என்று. எல்லாரும் மரியாதையாகத்தான் விரட்டுகிறார்கள்.

எனக்கு இடம் தந்தது யார் தெரியுமா? மஹ்மூத். கடைக்கு மேலே ஒரு அறை. "நான் பயந்து உடச்சதுக்குப் பதிலா என்ன செய்யிறதெண்டு தெரியல்ல, டீச்சர்" என்றார். "நீங்க மேல இருந்தா அவ கேட்கிறதையாவது கேட்பா." முழுதும் அன்பினால் மட்டும் செய்தார் என்று சொல்ல மாட்டேன். மகளுக்குப் பரீட்சை ஓகஸ்ட்டில். புத்தகத்தை நான் அவளுக்கு எதிரே இருந்து வாசிக்கிறேன். பக்கத்தில் இருந்து வாசிப்பது குற்றமா என்று முஹைதீனிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, அதற்கு வழக்குப் போட ஒரு சட்டமும் இல்லை என்றார். கம்பளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் பார்வையற்றவர்கள் கேட்க வருகிறார்கள். கீழே இரும்பு வெட்டுகிற சத்தத்துக்கு மேலாக நான் கத்திக் கத்தி வாசிக்கிறேன்.

மன்னிப்புக் கடிதத்தை முஹைதீன் கொண்டுவந்து காட்டினார். 'தெரிந்தே களவாகப் பிரதி செய்ததற்கு வருந்துகிறேன்; இனிமேல் எவருக்கும் வாசித்துப் பதிவுசெய்ய மாட்டேன்.' அதன் பின்பக்கத்தில் றமீஸாவுக்காக ஒரு பாடச் சுருக்கம் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வேண்டுமானால் அதில் இருக்கிறது.

பொன்னையாவின் அச்சகம் எரிந்தது எனக்கும் தெரியும். அதே கலவரத்தில் எங்களுடைய வீடும்தான் எரிந்தது. உன்னைச் சாக்கில் போட்டு மூடி லொறியில் ஏற்றிய நாளிலிருந்து நீ மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாய். குற்றம் சொல்லவில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. ஆனால் எரிந்தவர் என்பதற்காக ஒரு குருட்டுப் பிள்ளைக்குச் சிறை என்று எழுதினால், அதை நான் சரியென்று சொல்ல வேண்டுமா? அவருடைய கோபம் அவருக்கு. என்னுடையது எனக்கு.

உன்னுடைய கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. எங்களுடைய குரல்களை அழித்தாய். கேட்டவர்களுடைய விலாசங்களை வைத்திருக்கிறாய். யோசித்துப் பார்த்தாயா, எதை விட்டு எதைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று? அந்த விலாசங்கள் பொன்னையாவின் கைக்கு வந்தால் அடுத்ததாக யாருடைய கைக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். அவருடைய முறைப்பாடு கண்டிக்கு வரும்போது என்னவாக மாறியது என்று எழுதியிருந்தேனே. வவுனியாவில் இருக்கிறவனுக்கும் மட்டக்களப்பில் இருக்கிறவளுக்கும் அது என்னவாக மாறும்?

என்னுடைய பெயரைக் கொடு. தாராளமாகக் கொடு. அவர்களுடைய பெயர்களைக் கொடுத்தாய் என்றால், எனக்குத் தம்பி இல்லை என்று இந்த அறையில் இருந்துகொண்டே முடிவு செய்துவிடுவேன். மிரட்டவில்லை. முன்கூட்டியே சொல்கிறேன்.

இரஞ்சிதம்


ஸ்காபரோ
08.02.2009

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். கோபத்தில் இல்லை.

உங்களுடைய கடிதம் வந்து ஒரு வாரம் அதை உறையோடு வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலாசங்களைக் கடைசியாக ஒருமுறை பயன்படுத்தினேன். எல்லாருக்கும் ஒரே செய்தி. 'செவிவழி மூடப்பட்டது. உங்களுடைய விலாசத்தை ஒருவர் கேட்கிறார். இந்தச் செய்தி போனவுடன் அதை அழிக்கப்போகிறேன். நீங்கள் இறக்கிய வாசிப்புகள் இனி உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. வைத்திருப்பதில் ஆபத்து உண்டு. வைத்திருப்பதும் அழிப்பதும் உங்கள் விருப்பம். திருப்பி அனுப்ப விரும்பினால், வாசித்த ஆசிரியை கெலிஓயாவில் இருக்கிறார்.' மஹ்மூத்தின் கடை விலாசத்தைப் போட்டேன். அவரிடம் கேட்காமல் போட்டது பிழைதான். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிவிட்டு அழித்தேன்.

இங்குள்ள சட்டத்தரணி, அவரும் ஒரு தமிழர்தான், தலையில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, நீ கேஸை உன்ர தலையில தூக்கி வச்சிட்டாய்" என்றார். பொன்னையாவின் ஆட்களுக்கு நானே எழுதினேன்: விலாசங்கள் இல்லை, அழித்தது நான், என்ன செய்வதோ செய்யுங்கள் என்று. பதில் வரவில்லை. தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன்.

சாக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குள் நீங்கள் கையை விட்டு என்னுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதையும் எழுதியிருக்கலாம்.

பாலேந்திரன்


கெலிஓயா
27.04.2009

தம்பி,

வழக்கு நாள் முடிந்து இப்போதுதான் வந்து சாப்பிட்டேன். ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் பொதிகளைச் சொல்ல வேண்டும். பங்குனி முதல் வாரத்தில் தபால்காரர் ஒன்றைக் கொண்டுவந்தார். மட்டக்களப்பிலிருந்து, பழைய துணியில் சுற்றிய இறுவட்டுகள். வரலாறு, முதலாம் பகுதி. அடுத்த வாரம் பதுளையிலிருந்து வந்தது. பிறகு மன்னார், புத்தளம், அக்குறணை. மஹ்மூத்துக்கு முதல் பொதியோடு வியர்த்துவிட்டது. ஐந்தாவது பொதி வந்தபோது, ஆணி வைக்கிற மேசை இலாச்சிகளில் ஒன்றைக் காலி செய்து தந்தார். "இதுக்குள்ள யாரும் தேட மாட்டாங்க" என்றார். நான் பார்த்து வியந்தது வேறொன்று. எல்லாப் பொதியிலும் அனுப்பியவருடைய பெயரும் விலாசமும் இருந்தன. ஒருவராவது பெயரை மறைக்கவில்லை. நீ அழித்த விலாசங்களை அவர்கள் தாங்களாகவே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று நீதிமன்றத்துக்கு நானும் முஹைதீனும் மட்டும் போவதாக இருந்தது. வாசலில் போய் இறங்கினால், வெள்ளைத் தடிகளோடு ஒரு கூட்டம் நிற்கிறது. நான் யாரையும் அழைக்கவில்லை. றமீஸாவின் வேலை. இரகசியமாக எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து இது ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். "இல்ல சேர், வழக்குக் கேட்க வந்தோம்" என்றாள். "கேட்கிறது மட்டும்தான் எங்களுக்கு ஏலும்."

என்னுடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். பொன்னையாவின் சட்டத்தரணி, நான் பெருந்தொகையானவர்களுக்குச் சட்டவிரோதப் பிரதியை விநியோகித்ததாகச் சொன்னார். அப்போது பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழும்பினார். விமலநாதன். கம்பளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் டெலிபோன் இயக்குநர், பிறவியிலேயே பார்வை இல்லை.

"அந்தப் பெருந்தொகையில நானும் ஒராள். நானும் இறக்கினனான். அவாவைக் கூட்டில ஏத்தினால் என்னையும் ஏத்துங்கோ."

அரசாங்க வேலைக்காரன் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நீதிமன்றச் சேவகர் இருக்கச் சொன்னார். அதற்குள் நாவலப்பிட்டித் தோட்டத்திலிருந்து வந்த பேச்சியம்மா எழும்பிவிட்டார். முப்பது வயது தாண்டிச் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவர். "நானும் கேட்டேங்க. எம் பேரையும் எழுதிக்கங்க." அடுத்தது றமீஸா. பிறகு யார் எழும்பினார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

நீதவான் சத்தம் போட்டார், எல்லாரையும் இருக்கச் சொன்னார். ஆனால் பொன்னையாவின் சட்டத்தரணியைப் பார்த்து, இவர்கள் எல்லாரையும் வழக்கில் எதிரிகளாகச் சேர்க்கப்போகிறீர்களா என்று கேட்டார். அவர் தவணை கேட்டார். கிடைத்தது.

வெளியே பொன்னையாவே வந்து நின்றார். நான் பெரிய முதலாளி ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். மெலிந்த மனிசன், சட்டையில் மைக்கறை. சொன்னார்:

"நான் களவெண்டுதான் முறைப்பாடு குடுத்தனான், ரீச்சர். இவங்கள் உங்களை வேற மாதிரிக் கொண்டுபோவாங்களெண்டு நான் நினைக்கேல்லை."

"நினைச்சிருக்க வேணும். நீங்கள் எரிஞ்ச ஆள்."

சட்டையின் மைக்கறையைத் தேய்த்தார். பிறகு சொன்னார், "இணையத்தில போட்டால் ஆர் குருடு, ஆர் குருடில்லையெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தரும் புத்தகம் வாங்காயினம்."

நியாயமான கேள்விதான். றமீஸா என்னை முந்திக்கொண்டாள். முஸ்லிம் முதலாளிமாரைக் கூப்பிடுகிற பழக்கத்தில் "ஹாஜியார்..." என்று தொடங்கி, முஹைதீன் காதில் ஏதோ சொல்ல, "ஐயா" என்று மாற்றினாள். "உங்கட புத்தகத்த முழுசாக் கேட்க நாள்க்கணக்காகுது. கண்ணு தெரியிற ஆரும் அப்பிடிக் குந்திக்கிட்டுக் கேட்பாங்களா? அவங்க வாங்கிட்டு வாசிச்சிட்டுப் போயிருவாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க, ரெண்டாம் அத்தியாயத்திலயே தூங்கிருவீங்க."

தன்னுடைய வெளியீட்டை இப்படிச் சொன்னதற்கு அந்த மனிசன் கோபப்பட்டாரா சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சாக்குக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் நீ சொன்னால் இருக்கும்.

அக்கா


ஸ்காபரோ
24.05.2009

அக்கா,

போரை நிறுத்தச் சொல்லி இங்கே ஆட்கள் வாரக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். நானும் நின்றேன். இப்போது எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. வேலையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற வன்னிப் பெடியன் ஒருவன், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறான். யாருக்கும் எடுப்பதில்லை. எடுக்க யாருமில்லை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைப்பற்றி இதில் அதிகம் எழுதவில்லை. போர் முடிந்ததென்று கண்டியில் பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று செய்தியில் காட்டினார்கள். நீங்கள் வெளியே போகவேண்டாம் என்று எழுதினால் போவீர்கள். ஆகவே எழுதவில்லை.

நேர்காணல் முடிந்தது. அந்தப் பெண் அதிகாரி வழமையான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, உம்மேல் ஏதாவது சட்ட நடவடிக்கை உண்டா என்றார். இல்லை என்று சொல்லலாம். இன்னும் யாரும் வழக்குப் போடவில்லைத்தானே. சட்டத்தரணியும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். நான் உண்டு என்றேன். பார்வையற்றவர்கள் கேட்பதற்காகப் பாடப்புத்தகங்களைப் பகிர்ந்த ஒரு தளத்தை நடத்தினேன், முறைப்பாடு வந்தது, தகவலை அழித்தேன், வழக்கு வரலாம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "திரும்பச் செய்வீரா?" என்று கேட்டார். அது கேள்விகளில் இருந்ததா, தானாகக் கேட்டாரா தெரியாது.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

முடிவு தபாலில் வருமாம். வரட்டும்.

இணையத்தில் புதிய இடம் ஒன்று எடுத்திருக்கிறேன். இந்த முறை வேறொரு பெயருக்குப் பின்னால் ஒளியவில்லை. என்னுடைய பெயரிலேயே பதிந்திருக்கிறேன். இலாச்சியில் இருப்பவற்றை எல்லாம் அனுப்புங்கள். எந்த அத்தியாயங்கள் குறைகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாலேந்திரன்


கெலிஓயா
12.07.2009

தம்பி,

நான் வெளியே போனேன்தான். மே மாதம் போர் முடிந்த அந்த நாளில் கண்டிக்குப் போகவேண்டி இருந்தது, பொலிஸில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற நாள். தெருவெல்லாம் கொடி. பேருந்தை நிறுத்தி எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். ஒரு வாழையிலைத் துண்டை என்னிடமும் நீட்டினார்கள். நீட்டிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், முகத்தில் கெடுதல் இல்லை, மகன் படையிலிருந்து திரும்பி வருகிறான் என்று சொன்னாள். "மகன் சுகமா வரட்டும். எனக்கு வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பேருந்தே என்னைப் பார்த்தது. நான் யன்னலால் பேராதனை வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

பொன்னையா முறைப்பாட்டை மீளப் பெற்றுவிட்டார். போன வாரம் முஹைதீனுக்குச் சொல்லி அனுப்பினார். மன்னிப்புக் கடிதம் வேண்டாமாம். ஆனால் அனுமதியும் இல்லையாம். 'செய்வதைச் செய்யட்டும், நான் கண்டுகொள்ளமாட்டேன்' என்றாராம். அதாவது, நாளைக்கு அவருக்கு மனம் மாறினால், அல்லது அவருடைய மருமகனுக்குக் கோபம் வந்தால், திரும்பவும் எல்லாரும் கள்ளர்கள். முஹைதீன் இதை வெற்றி என்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அனுமதி எழுத்தில் வேண்டும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை மாதம் ஒன்றாக எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பொலிஸ் விசாரணையும் மூடவில்லை. பாடசாலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டது, இரண்டாம் தவணையிலிருந்து.

இனிக் குறைகிற அத்தியாயம். கேள், சிரிப்பாய். இலாச்சியில் எல்லாம் இருக்கின்றன. வரலாறு முழுக்க, தமிழ் முழுக்க, அரசறிவியல் வழிகாட்டி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. சில அத்தியாயங்கள் பத்துப் பிரதி. ஏழு மட்டும் இல்லை. மட்டக்களப்பு, பதுளை, மன்னார், ஒரு இடத்திலிருந்தும் வரவில்லை. பெயரையும் விலாசத்தையும் துணிந்து எழுதியவர்கள், அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் அழித்திருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சோதனைச்சாவடியில் யாராவது போட்டுப் பார்த்தால் என்ன கேட்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விமலநாதனிடம் கேட்டேன். "அதைக் கேட்டு முடிச்ச உடனை அழிச்சிட்டன், ரீச்சர்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. நீதிமன்றத்தில் முதலில் எழும்பிய மனிசன் அவர்.

ஏழாம் அத்தியாயத்தில் கட்டாயம் கேள்வி வரும் என்று றமீஸா சொல்கிறாள். வந்தாலும் வராவிட்டாலும் அது புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே நேற்று வாசித்தேன். மஹ்மூத் மருமகனுடைய கணினியை இரவல் வாங்கி வந்தார். ஒலிவாங்கியை நான் வாங்கினேன். சந்தியில் பேருந்துச் சத்தம் அதிகம் என்பதால் யன்னலைச் சாத்தலாமா என்று கேட்டார். சாத்தச் சொன்னேன். அவருக்குச் சத்தம் மட்டும் காரணமில்லை என்று தெரியும், எனக்கும்தான். சாத்திய பிறகு மூச்சு முட்டியது. எழும்பித் திறந்துவிட்டேன். கீழே கடைக்கு வந்த ஆட்களுக்குக் கேட்டிருக்கும். தொடங்குமுன் ஒரு வரி சேர்த்தேன், முன்பு எதிலும் சேர்க்காதது: 'வாசிப்பவர் இரஞ்சிதம், அரசறிவியல் ஆசிரியை, கண்டி.' பிறகு அத்தியாயத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை, ஒரு சொல்லைக்கூட மெதுவாக்காமல் வாசித்தேன். நடுவில் இரண்டு தடவை பேருந்துச் சத்தம் விழுந்திருக்கிறது. வெட்டாமல் அப்படியே விடு.

மஹ்மூத் கதவடியில் நின்று முழுதும் கேட்டார். முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா?"

பொதி நாளைக்குப் புறப்படுகிறது. அனுப்புநர் இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஸ்காபரோ
30.07.2009

அக்கா,

எல்லாம் ஏறிவிட்டது. முதல் பக்கத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், உங்களிடம் இணையம் இல்லாவிட்டாலும் பார்க்கலாம் என்று. மற்ற ஆசிரியர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள், போடவில்லை. எங்கள் இருவருடைய பெயரும் ஊரும் மட்டும் இருக்கின்றன. யாராவது முறைப்பாடு செய்வதென்றால் தேடித் திரியத் தேவையில்லை.

முதல் நாளிலேயே ஏழாம் அத்தியாயத்தைத்தான் அதிகம் பேர் இறக்கியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடி செய்து வைத்திருக்கிறேன்.

குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. நேற்று முழுக்க நித்திரை கொண்டேன்.

பாலேந்திரன்


கெலிஓயா
16.08.2009

தம்பி,

றமீஸா அரசறிவியல் எழுதிவிட்டு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆளைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கை வலித்து, நடுவில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாளாம். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு எழுதி முடியல்ல, எனக்குச் சொல்லி முடியல்ல" என்றாள். மஹ்மூத் கடையைப் பூட்டிவிட்டு எல்லாருக்கும் இனிப்பு வட்டிலப்பம் வாங்கி வந்தார். அது கொஞ்சம் அதிகம்தான், பெறுபேறு வர மாதங்கள் இருக்கின்றன.

பொன்னையாவுக்கு இரண்டாவது கடிதம் போய்விட்டது. பொலிஸில் இந்த மாதமும் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சார்ஜன்ட் என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நான் நின்றுகொண்டே போட்டேன்.

நீ அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். 'நடத்துபவர் பாலேந்திரன்' என்று மேலே பெரிதாகப் போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே 'வாசிப்பவர் இரஞ்சிதம்'. நான் உனக்கு மூத்தவள். முதலில் பிடிபட்டவளும் நான்தான். மாற்றிப் போடு.

அக்கா